அப்பாவின் இடது கால் பூட்ஸ்

எங்கள் அப்பா கோயிலுக்குப் போனால் செருப்பை ஜோடியாக விடமாட்டார். ஒன்றைப் பூக்காரம்மாவின் கூடைக்குப் பின்னால் வைப்பார். இன்னொன்று கோயிலின் அந்தப் பக்கம், தேங்காய் உடைக்கிற கல்லுக்கு அருகில் கிடக்கும். "ஜோடியா இருந்தாத்தான் திருடன் கைய வெப்பான். ஒத்தச் செருப்ப எடுத்துக்கினு போயி அவன் என்னா பண்ணுவான்?" என்பார். பெங்களூரில் பலரும் இப்படிச் செய்வதுண்டு. ஆனால் மற்றவர்கள் நாலடி தள்ளி வைப்பார்கள். அப்பா அடுத்த தெருவில் வைப்பார். மல்லேஸ்வரத்தில் ஒரு வைகுண்ட ஏகாதசியன்று இரண்டாவது செருப்பை வைத்த இடம் மறந்துபோய், பெருமாளைப் பார்த்த நேரத்தைவிட அதைத் தேடிய நேரம்தான் அதிகம். "பாவம் திருடன், அவனுக்காவது எடம் தெரிஞ்சிருக்கும்" என்றாள் அம்மா. 

செருப்புக்கே இந்தப் பாடு என்றால் பூட்ஸைப் பற்றிக் கேட்க வேண்டாம். அப்பா ஒரு அரசாங்கத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். அங்கே வருடா வருடம் கறுப்பு பூட்ஸ் கொடுப்பார்கள். விரல் பக்கம் உள்ளே இரும்புத் தகடு வைத்திருக்கும். கனமான சாமான் விழுந்தாலும் கால் தப்பிக்கும். ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகக் கிடைத்த ஜோடியை நல்ல காரியங்களுக்கு மட்டும் என்று எண்ணெய் போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தார். அதில் இடது பூட்ஸின் லேஸ் அறுந்துவிட்டது. கடைக்காரர் லேஸை ஜோடியாகத்தான் தருவேன் என்றார். அறுந்தது ஒன்று, காசு இரண்டுக்கா என்று சண்டை போட்டுவிட்டு வந்து, அம்மாவின் பச்சைப் பாவாடை நாடாவை எடுத்துக் கோர்த்துக்கொண்டார். வலது காலில் கறுப்பு முடிச்சு, இடது காலில் பச்சை முடிச்சு. தெருவில் அவரோடு நடக்கும்போது நான் எப்போதும் அவருக்கு வலது பக்கமாகவே நடப்பேன்.

இந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் என் அக்காவை மலையிலிருந்து இறக்கி அழைத்துவர அப்பா கிளம்பினார்.

அது தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஆசிரியர் பயிற்சி முடித்த அக்கா, எங்கள் லிங்கராஜபுரத்துப் பெண்கள் எல்லாரையும் போல வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கான்வென்ட்டில் சேராமல், சேலத்தைத் தாண்டி ஒரு மலைமேல் ஒரு அறக்கட்டளை நடத்திய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். ஊர்ப்பெயரைச் சொன்னால் சேலத்துக்காரர்களே "அப்படி ஒரு ஊரு இருக்கா?" என்று கேட்பார்கள். சாமையும் கேழ்வரகும் மரவள்ளிக்கிழங்கும் விளைகிற ஊர். பஸ் கிடையாது, போன் கிடையாது. கடிதம் வந்து சேர்வதற்குள் அதில் எழுதியிருக்கிற காய்ச்சல் குணமாகிவிடும். அந்த வருடம் தசரா லீவுக்குக்கூட அவள் வரவில்லை. சாமை அறுப்பு நடக்கிறது, ஊரே வேலையில் இருக்கும்போது நான் மட்டும் எப்படி வருவது என்று எழுதியிருந்தாள். "இவ டீச்சர் வேலைக்குப் போனாளா, கூலி வேலைக்குப் போனாளா?" என்று அப்பா குதித்தார்.

குதித்ததோடு நிற்கவில்லை. பெங்களூரிலேயே காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில், பழைய ஃபோர்மன் ஒருவர் மூலமாக அக்காவுக்கு வேலை சொல்லி வைத்துவிட்டார். தசரா முடிந்து திங்கட்கிழமை அவள் சேர்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அக்காவுக்கு அப்பா எழுதிய எல்லாக் கடிதங்களிலும் கடைசி வரி ஒன்றுதான்: அங்கே உனக்கு ஏதாவது ஒன்று என்றால் யார் இருக்கிறார்கள், யார் தேடுவார்கள்? அந்தக் கேள்விக்கு மட்டும் அக்கா பதில் எழுதியதில்லை.

நான் அப்போது ஒரு கூரியர் ஆபீஸில் வேலை பார்த்தேன். என்னையும் லீவு போட வைத்து அப்பாவோடு அனுப்பினாள் அம்மா. "அவரு போயி கத்துவாரு. நீ அழுவு. ரெண்டும் சேந்தா அவ வந்துடுவா" என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். அழுவதில் எனக்கு முன்னனுபவம் குறைவு என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

முதல் நாள் சேலத்தில் மாமா வீட்டில் தங்கி, மறுநாள் விடியற்காலையில் மலையடிவாரத்துக்கு பஸ் பிடித்தோம். அங்கிருந்து ஜீப். ஜீப்பில் எங்களோடு நாலு மூட்டை உப்பும் ஒரு தையல் மெஷினும் வந்தன. தையல் மெஷின்தான் ஜன்னல் ஓரம். தார் ரோடு முடிந்த இடத்தில் இறக்கிவிட்டு, இனி நடைதான் என்றார் டிரைவர். நான் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஹீல்ஸ் போட்டிருந்தேன். மலை என்றால் ஊட்டி மாதிரி இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பியதன் பலன். "பேஜார் ஆயிடுச்சுப்பா, இன்னும் எவ்ளோ தூரம்?" என்று நான் கேட்கும்போதெல்லாம் அப்பா, "இந்த மொகத்த இப்பிடியே வெச்சிக்கோ. அக்காகிட்ட அழறதுக்கு ஆவும்" என்றார்.

ஊர் எல்லையில் ஒரு நடுகல்லும் பெரிய நாவல் மரமும் இருந்தன. முன்கூட்டியே போட்ட கடிதம் எப்படியோ கிடைத்து, அக்கா அங்கே எங்களுக்காகக் காத்து நின்றாள். கறுத்துப் போயிருந்தாள், காலில் செருப்பு இல்லை, எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் கையைப் பிடித்தால் மரப்பட்டை மாதிரி இருந்தது. மரத்தடியில் ரப்பர் செருப்புகளும் டயர் செருப்புகளும் ஒரு குவியலாகக் கிடந்தன.

"அப்பா, பூட்ஸ இங்கயே கழட்டிடுங்க. இந்த ஊருக்குள்ள யாரும் செருப்பு போட மாட்டாங்க, கையில எடுத்துட்டும் போகக் கூடாது. ஊரே அம்மன் வீடு."

அப்பா குவியலைப் பார்த்தார். காவல் இல்லை, டோக்கன் இல்லை, பூக்காரம்மாவும் இல்லை. நான் ஹீல்ஸைக் கழற்றி எறிந்தேன். இவ்வளவு நல்ல அம்மனை நான் கும்பிட்டதில்லை. அப்பா குனிந்து நாடாவைத் தொட்டு, "முடிச்சு இறுகிப் போச்சு. நீங்க மின்ன போங்க, நான் வரேன்" என்றார். நாங்கள் அக்காவின் அறைக்குப் போய், முகம் கழுவி, தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் வந்து சேர்ந்தார். பாதத்தில் ஈரமும் முழங்கையில் முள் கீறலும் இருந்தன. ஓடைப் பக்கம் ஒதுங்கினேன் என்றார்.

அக்காவின் அறை பள்ளிக்கூடத்தை ஒட்டியது. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் காரச் சட்னியும் வைத்தாள். அப்பா நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவியதும் கத்த ஆரம்பித்தார். காக்ஸ் டவுன் வேலை, சம்பளம், வீட்டு வாசலில் பஸ் என்று எல்லாவற்றையும் சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டே, "அறுப்பு முடியட்டும்ப்பா, யோசிக்கிறேன்" என்றாள்.

"என்னாத்த யோசிக்கிறது? இந்தக் காட்டுல கரடி இருக்குதுன்னு நீயே எழுதியிருக்க. ஒரு நாள் நீ காணாம போனா, ஏன்னு கேக்க இங்க உனுக்கு யாரு இருக்கா? எவன் வந்து தேடுவான்?"

அக்கா தட்டுகளை எடுத்து அடுக்கினாள். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அழ வேண்டிய இடம் வந்துவிட்டதென்று புரிந்து நான் துப்பட்டாவை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே "ஓ..." என்று ஒரு கூவல் கேட்டது. கீழேயிருந்து வந்த குரலை மேட்டில் இருந்த ஒருத்தி வாங்கி அடுத்த மேட்டுக்கு அனுப்பினாள். அங்கிருந்து இன்னொரு குரல். ஒரு நிமிஷத்தில் மலையைச் சுற்றி எல்லாத் திசையிலும் கூவிக்கொண்டிருந்தார்கள்.

வாசலுக்கு வந்தோம். எதிர்ச் சரிவில் சாமை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் அரிவாளை அப்படி அப்படியே சாமைத் தாளில் செருகிவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி மூச்சு வாங்கச் சொன்னாள்: ஓடைப் பாறைமேல் ஒரு ஒற்றை பூட்ஸ் கிடக்கிறது. ஆள் இல்லை. பக்கத்தில் முள்ளுப் புதர் கலைந்திருக்கிறது. பூட்ஸில் பல் பதிந்திருக்கிறது.

அந்த ஊரில் பூட்ஸ் போடுகிறவர்கள் கிடையாது. போன வருடம்தான் தேன் எடுக்கப் போன ஒருவரைக் கரடி பிறாண்டியிருக்கிறது. காட்டு இலாகா ஆள் யாரோ சிக்கிக்கொண்டார் என்று முடிவாயிற்று. மலையில் ஆள் காணவில்லை என்று கூவல் கேட்டால் எந்த வேலையானாலும் போட்டுவிட்டுப் போவது அங்கே வழக்கம் என்று அக்கா சொன்னாள். ஊரின் மூப்பர், அதாவது வழக்கு வம்புகளுக்குத் தீர்ப்புச் சொல்கிறவர், வந்தார். மூப்பர் என்றதும் நான் நரைத்த தாடியை எதிர்பார்த்தேன். இவருக்கு என்னைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். நேராக அப்பாவிடம் வந்தார்.

"ஐயா, உங்க பூட்ஸு பத்தரமா இருக்குங்களா?"

"என்னுதா? பத்திரமா இருக்குது."

"ரெண்டுமேங்களா?"

"ரெண்டும்தான்!"

"மரத்தடியிலதானே விட்டீங்க?"

அப்பா முழங்கைக் கீறலைச் சொறிந்தார். "ஆமாமா, அங்கதான்" என்றார். பூட்ஸை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் அதை எல்லையிலேயே வைத்துவிட்டார்கள். ஆகவே ஊருக்குள் வந்தது பூட்ஸைப் பற்றிய பேச்சு மட்டும்தான், அது வாய்க்கு வாய் வளர்ந்தது. முதலில் பெரிய பூட்ஸ் என்றார்கள். பிறகு எருமைக் குளம்பு அளவு என்றார்கள். கடைசியாக வந்தவர் ரத்தக் கறை பார்த்ததாகச் சொன்னார்.

அப்பா தொழிற்சாலையில் முதலுதவிக் குழுவில் இருந்தவர். அதற்கென்று ஒரு நாளும் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அந்தக் குறை அவருக்கு உண்டு. பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, "வாங்கப்பா, ஜல்தி! நாலு நாலு பேரா பிரிஞ்சிக்கலாம்" என்றார். அவர் பிரிப்பதற்குள் அவர்கள் போயே விட்டிருந்தார்கள். வெறுங்காலோடு, கல்லுக்கு ஒரு "ஐயோ" போட்டுக்கொண்டு அவரும் பின்னால் ஓடினார். மேட்டில் ஏறி நின்று, "சார்! ஃபாரஸ்ட் சார்! பயப்படாதீங்க, நாங்க வரோம்!" என்று அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் குரல் தழுதழுத்தது.

என்னைப் பெண்கள் எல்லைக்கு அழைத்துப் போனார்கள். டவுன் பெண்ணுக்கு அது எந்த ஆபீஸ் பூட்ஸ் என்று தெரியும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. நாவல் மரத்தடியில், நடுகல்லுக்கு முன்னால், வாழையிலைமேல் அதை வைத்திருந்தார்கள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் வயதான அம்மா ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள்.

"எந்தத் தாயி பெத்த மவனோ, எங்க மண்ணு மிதிக்க வந்தானோ... ஒத்தக் காலு இங்க நிக்க, ஒன்ன எங்க தேடுவனோ..."

கூட்டத்தை விலக்கிப் பார்த்தேன். பச்சைப் பாவாடை நாடா.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. அதை அடக்கப் போய் விக்கல் வந்தது. விக்கலைப் பார்த்த பெண்கள் நான் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அந்தப் பயணத்தில் நான் அழுததாகக் கணக்கு அது ஒன்றுதான். ஓடைப் பக்கமிருந்து ஒரு நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து, வாழையிலையிலிருந்த பூட்ஸை மறுபடி கவ்வப் பார்த்தது. பல் யாருடையது என்பதும் விளங்கிவிட்டது. வலது பூட்ஸ் நாவல் மரப்பொந்துக்குள் தழையால் மூடிப் பத்திரமாக இருந்தது. இடதை ஓடை முள்ளுப் புதருக்குள் அவ்வளவு ஆழமாகத் திணித்திருந்ததால், பாறைமேல் கிடந்தது தன்னுடையது என்று அப்பாவுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது.

அக்கா, கிடைக்கப்போகிறவருக்காக வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். காதில் சொன்னேன். கரண்டியைக் கீழே போட்டாள்.

"ரெண்டும் இருக்குன்னாரேடி!"

"இருக்குதுக்கா. கோயில்ல விடறாப்புல விட்டிருக்காரு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறு நிமிஷமே முகம் மாறியது. "ஆம்பளைங்க எல்லாம் கரடி இருக்கிற பாறைக் குகைக்குள்ள எறங்கியிருப்பாங்கடி" என்று சொல்லிவிட்டு ஓடினாள். கூவல் கொடுக்கிற பாறைமேல் நின்றிருந்த மூப்பரிடம் அவள் கை கூப்பிச் சொன்னது தூரத்தில் தெரிந்தது. அவர் இரண்டு முறை தலையாட்டினார். பிறகு வாயில் கை குவித்து, "கெடச்சாச்சூ..." என்று கூவினார்.

கிடைத்துவிட்ட செய்தி மேட்டுக்கு மேடு போயிற்று. மலை முழுக்கச் சந்தோஷக் கூச்சல். முள் கிழித்த முதுகும் சேறு பூசிய காலுமாக ஆட்கள் திரும்பி வந்தார்கள். எல்லாருக்கும் கடைசியாக, இரண்டு பேர் தோளில் கை போட்டு நொண்டிக்கொண்டு அப்பா வந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"கெடச்சிட்டாராமே? எங்க அந்த மனுசன்? உயிருக்கு ஒண்ணும் இல்லியே?"

 மூப்பர் அப்பாவை நடுகல் பக்கம் மெதுவாக உட்கார வைத்து, பாதத்தைத் தூக்கி முள்ளைப் பிடுங்கினார்.

"நல்லா இருக்காருங்க. காலுதான் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு."

அப்பா திரும்பினார். வாழையிலைமேல் அவருடைய பூட்ஸ், அதற்குக் குங்குமப் பொட்டு. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கே உடம்பு கூசியது. அந்தக் கூட்டத்தில் கோபமாக ஒருவராவது திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மூப்பர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஒண்ண இங்கயும் ஒண்ண ஓடையிலயும் எதுக்குங்க வெச்சீங்க?"

உங்களைத் திருடர்கள் என்று நினைத்தேன் என்று எப்படிச் சொல்வது? அப்பா காலைத் தடவிக்கொண்டார். "அது... எங்க ஊரு வழக்கம்" என்றார்.

"சாமிக்குங்களா?"

"ஆமா. சாமி கும்புடப் போறப்ப."

அது பொய்யும் இல்லை. மூப்பர் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "அவுங்க ஊரு வழக்கமாமுங்க" என்றார். ஊருக்கு ஊர் ஒரு வழக்கம் இருக்கும்தானே என்று எல்லாரும் ஒப்புக்கொண்டு கலைந்தார்கள். ஒப்பாரி வைத்த அம்மா மட்டும் அப்பாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

அதற்குள் வானம் கறுத்துவிட்டது. அறுத்த சாமை மேட்டில் கிடக்கிறது, நனைந்தால் போச்சு. வந்த களைப்பு தீராமல் எல்லாரும் மறுபடி ஓடினார்கள். அப்பா எழுந்தார். "நீங்க உக்காருங்கய்யா" என்றதைக் காதில் வாங்காமல், பாதத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு கட்டுகளைத் தலையில் ஏற்றிக் களத்துக்குச் சுமந்தார். நானும் அக்காவும் சுமந்தோம். கடைசிக் கட்டு வருவதற்குள் தூறல் விழுந்து, அதில் கொஞ்சம் நனைந்துதான் போயிற்று. யாரும் அதைப் பற்றி எங்கள் காதுபட ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் லிங்கராஜபுரத்து பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ரோட்டின் நடுவில் அந்த வருடம் ஒரு ஒற்றைச் செருப்பு மழைக்காலம் முழுவதும் கிடந்தது. அப்பா, நான், அம்மா, தெருவில் எல்லாரும் தினமும் அதைத் தாண்டிப் போனோம். அதற்கு ஒரு கால் இருந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. களத்து ஓரம் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தபோது அது எனக்கு ஞாபகம் வந்தது. அப்பாவுக்கும் வந்திருக்குமோ என்னவோ. திங்கட்கிழமை என்ற வார்த்தையை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை அக்கா எங்களை எல்லைவரை கொண்டுவந்து விட்டாள். அப்பாவின் பூட்ஸ் வலது ஒன்று பொந்திலும் இடது ஒன்று ஓடையிலும், அவர் வைத்தபடியே திரும்ப வைக்கப்பட்டிருந்தன. என் ஹீல்ஸைக் காணவில்லை. நானும் விருந்தாளி அல்லவா, வழக்கம் கெடக் கூடாது என்று எனக்கும் பிரித்து வைத்திருந்தார்கள். ஒன்றைப் புற்றுக்குப் பின்னால் கண்டுபிடித்தோம். இன்னொன்றைத் தேடி எடுப்பதற்குள் காலை ஜீப் போகிற நேரம் தாண்டிவிட்டது, மத்தியான ஜீப்தான் கிடைத்தது. மூப்பர் எங்களோடு சேர்ந்து மும்முரமாகத் தேடினார். அவர் முகத்தில் துளி சிரிப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அப்பா நாடாவை நிதானமாக முடிந்துகொண்டு நிமிர்ந்தார். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார் அக்காவிடம். அக்கா அழுதாள். அவ்வளவு நேரம் தேடியும் எனக்கு வராத அழுகை அவளுக்கு எவ்வளவு சுலபமாக வந்தது என்று பொறாமையாக இருந்தது.

லிங்கராஜபுரத்தில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு என்மேல் பாய்ந்தாள். "நீ அழவே இல்லியா? எங்கடி அவ? அந்தக் காட்டுல உட்டுட்டு வந்து நிக்கிறீங்களே, எம்பொண்ணுக்கு ஒண்ணுன்னா அங்க யாரு தேடுவா?"

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து பச்சை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலேயே சொன்னார்.

"என்னியே தேடினாங்கடி. நானும் கூடப் போயி தேடினேன்."